பொங்கல் பானைக்கு அருகில் ஓர் இடம்: புலம்பெயர் தமிழ்ச் சங்கங்களின் செயற்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் கடல் கடந்த ஒரு நகரத்தின் தமிழ்ச் சங்கத்தில் பதினோரு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். அவற்றில் ஏழு ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் சங்கத்தின் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்தும் வாசிப்பும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் ஒரு பெண். என்னோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் என் இணையரும் ஒரு தமிழ்ப் பெண். இந்த இரண்டு செய்திகளும் ஒரே ஆளைப் பற்றியவை என்பதை எங்கள் சங்கம் இன்றுவரை எழுத்தில் ஏற்கவில்லை. அதன் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வெவ்வேறு நாடுகளில் இருக்கும் நண்பர்கள் சொல்லும் கதைகளில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் மற்றதெல்லாம் அப்படியே எங்களுக்கும் பொருந்துகிறது என்பதால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உறுப்பினர் படிவத்திலிருந்து தொடங்குகிறேன். மார்கழியில் வரும் அந்தப் படிவத்தில் 'குடும்ப உறுப்பினர்' என்ற தலைப்பின் கீழ்க் குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் என்று மூன்று வரிகள் இருக்கும். ஒருமுறை முதல் வரியில் என் பெயரையும் இரண்டாவது வரியில் என் இணையரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். படிவத்தை வாங்கிய பொறுப்பாளர் என்னை நன்றாக அறிந்தவர். அவர் எதுவும் சொல்லாமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒயிட்னரை எடுத்து, இரண்டாவது பெயரின் மீது பூசி, அது காயும்வரை வாயால் ஊதி, பிறகு தாளின் மேல்மூலையில் 'தனி' என்று எழுதினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. எழுத்துப் பிழையைத் திருத்துகிறவரின் பொறுமைதான் இருந்தது. பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளை நானும் அதே பொறுமையோடுதான் திருத்துவேன் என்பதால், அது எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. என் இணையரைத் தனிநபர் உறுப்பினராகச் சேரச் சொன்னார்கள். "நான் தனியாள் இல்லையே" என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவுக்கும் அவர் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறார்.

அடுத்த ஆண்டுப் பொங்கல் விழாவில், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களின் குடும்பங்கள் மேடையேறிப் பானையில் பால் ஊற்றுவதாக ஏற்பாடு. விழாவுக்கு முந்தின இரவு செயற்குழுவிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். பானைகிட்ட மட்டும் நீங்க தனியா வந்துடுங்க. சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, பெரியவங்க என்ன நினைப்பாங்களோ" என்றார். அவர் குரலில் உண்மையான சங்கடம் இருந்தது. நான் தனியாகவே ஏறினேன். என் இணையர் மண்டபத்தின் பின்வரிசையில், என் கைப்பையையும் செருப்பையும் வைத்துக்கொண்டு, கையில் பார்வையாளருக்கான வெள்ளைச் சீட்டோடு நின்றார். பால் பொங்கி வழிந்தபோது எல்லோரும் குரல் எழுப்ப, மேடையிலிருந்து நான் பார்த்தேன்: அவர்தான் எல்லோரையும்விட உரக்கப் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவிக்கொண்டிருந்தார்.

பொங்கல் என்பது ஆண்டுக்கு ஒரு நாள்; அதற்காக இவ்வளவு வருந்த வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. உறுப்பினரின் குடும்பத்தில் யாரேனும் இறந்துவிட்டால், மூன்று நாள்களுக்கு முறைவைத்து அந்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவோம். நானே எத்தனையோ வீடுகளுக்கு ரசமும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். தன் தந்தை ஊரில் இறந்தபோது என் இணையர் விமானம் கிடைக்காமல் இரண்டு நாள் இங்கேயே அழுதுகொண்டிருந்தார். யாரும் வரவில்லை. செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் எந்த உறுப்பினரின் குடும்பமாகவும் பதிவேட்டில் இல்லாததால், முறை வைப்பதற்கு யாருக்கும் தோன்றவில்லை. சேர்ந்திருத்தல் என்பதற்கு நான் தரும் பொருள் இதுதான்: நம் வீட்டில் சாவு விழுந்தால் அது தங்கள் வீட்டுச் சாவு என்று நினைக்க நாலு பேர் இருப்பது.

உங்களில் சிலர் அன்போடு சொல்லும் ஒரு பதில் உண்டு: "உங்களுக்கென்றுதான் தனி இடங்கள் இருக்கின்றனவே." இருக்கின்றன. அவற்றுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. எங்கள் நகரத்தில் பால்புதுமையருக்கான, அதாவது பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களுக்கான, ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. அங்கே போன முதல் மாலையிலேயே எங்கள் இருவர் பெயரையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டார்கள். அங்கே அறிமுகமான தமிழர்கள் ஏழெட்டுப் பேர் பிறகு மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு வரவேற்பறையில் கூடத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தார் உண்டு, மதுரையார் உண்டு, பினாங்கில் பிறந்தவர் உண்டு. ஒரு தைப்பொங்கலன்று பிரஷர் குக்கரை மூடாமல் வைத்து அதிலேயே பொங்கல் வைத்தோம். வீட்டைவிட்டு வெளியேறி, இரண்டு ஆண்டுகளாக யாரோடும் தமிழில் பேசாதிருந்த ஒரு தம்பி அன்று புதிதாக வந்திருந்தான். தட்டில் மறுபடியும் பொங்கலை வைக்கப் போனபோது "போதும்மா" என்று சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டுத் தானே திகைத்து நின்றான்.

அப்படிப்பட்ட இடங்கள் என்றைக்கும் வேண்டும். நாளைக்கே உங்கள் கதவுகளெல்லாம் திறந்தாலும், நள்ளிரவில் வீட்டிலிருந்து துரத்தப்படும் பிள்ளைக்குப் போக்கிடம் அதுதான். ஆனால் அந்தச் சமூகக் கூடத்தில் பேச்செல்லாம் ஆங்கிலம். அங்கே என் அன்புக்கு இடம் இருக்கிறது. அதை நான் நினைக்கும் மொழிக்கு இடம் இல்லை. சங்கத்திலோ மொழி முழுவதும் என்னுடையது. என் இணையர் மட்டும் பின்வரிசையில். ஒருவர் உள்ளே வர, உடம்பில் பாதியை வெளியே கழற்றி வைத்துவிட்டு வா என்று இரண்டு வாசல்களிலும் சொன்னால், அவர் எங்கே முழுதாக உட்காருவார்?

இனி, இது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற பேச்சுக்கு வருகிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் தொடக்க நூற்பாக்களிலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தனி ஈறு கிடையாது, அவை உயர்திணையின் பால்களுக்கு உரிய ஈறுகளைக் கொண்டு வழங்கும் என்று வருகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில், ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில் காமன் ஆடிய பேடு என்ற ஆடலும் ஒன்று. இவற்றைச் சொல்லி, பழந்தமிழகம் எங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று வாதாட நான் வரவில்லை, அது உண்மையாகாது. அவைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூலைப் போர்க்களத்துப் பேடியின் கைவாளோடு ஒப்பிடும் குறளும் நம்முடையதுதான். ஒப்புவித்தல் போட்டிக்காக அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது என் குரல் ஒவ்வோர் ஆண்டும் ஓரிடத்தில் தாழ்ந்துவிடுகிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: இலக்கணத்திலும் ஆடலிலும் இழிவிலும் நாங்கள் இருந்திருக்கிறோம். வெளியிலிருந்து நேற்று வந்தவர்களில்லை.

கூவாகத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில், சித்திரை முழுநிலவை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர், மகாபாரதப் போருக்காகப் பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். நம் மரபு எங்களை ஏற்றுக்கொண்டதற்குச் சான்றாக இதை என்னிடம் பலர் காட்டியிருக்கிறார்கள். அங்கே போகும் அக்காக்களின் பக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரே இரவு மணவாழ்வும் மறுநாளே கைம்மையும் என்பதைக் காட்டி, இதோ உங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லும்போது, ஆண்டின் மற்ற நாள்களில் அதே திருநங்கைக்கு வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலும் அது திருநங்கையரின் திருவிழா. என்னைப் போன்ற பெண்ணுக்கோ, ஆணை விரும்பும் ஆணுக்கோ, பிறப்பில் பெண்ணென்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிக்கோ அதில் இடம் தேடுவது எல்லோரையும் ஒரே பெயரில் அடைக்கிற வேலை. பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜ் அவர்களுக்கு 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்தன. மேடையில் கைதட்ட மனம் வருகிறது. உறுப்பினர் பதிவேட்டில் எழுதத்தான் கை வரவில்லை.

தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கியதுதான் வெளியிலிருந்து வந்தது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்த 377-ஆம் பிரிவும், அதன் வழிவந்த பிரிவுகளும்தான் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நம்மவர் பெருந்தொகையாக வாழும் நான்கு நாடுகளிலும் எங்கள் தலைமேல் தொங்கின. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அந்தப் பிடியைத் தளர்த்தியது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022-இல் நீக்கியது.

திருமணம் என்றால் இப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்கு நம் சொந்த வரலாறு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல், இருவரும் மாலை மாற்றி உறுதிமொழி கூறி மணந்துகொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் 1920-களின் இறுதியில் தொடங்கின. அவற்றுக்குச் சட்டத்தின் ஏற்பு கிடைத்தது அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1968-இல். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் அந்தத் தம்பதியரைச் சட்டம் தம்பதியராக எண்ணவில்லை, ஊர் சிரித்தது, பண்பாடு அழிகிறது என்ற கூச்சல் அன்றும் இருந்தது. உங்களில் எத்தனையோ பேரின் பெற்றோர் அப்படி மணந்தவர்கள். அந்த மரபு நமக்கு விட்டுச்சென்ற ஒரு சொல் 'இணையர்'. கணவன், மனைவி என்ற மேல்கீழ் இல்லாமல், வாழ்க்கையை இணைத்துக்கொண்டவர் என்று மட்டும் சொல்லும் சொல். எங்களுக்குத் தேவையான சொல்லை எங்கள் தாத்தா பாட்டி காலத்திலேயே புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சென்னையில் 2009 முதல் நடந்துவரும் எங்கள் பேரணிக்கு 'வானவில் சுயமரியாதைப் பேரணி' என்று பெயர் வந்ததும் அந்த வழியில்தான்.

புலம்பெயர்ந்த இன்னொரு சமூகம் இதே இடத்தில் பல ஆண்டுகள் இடறியது. 1991-இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் நாள் ஊர்வலத்தில், ஐரிஷ் வழியினரான தன்பாலீர்ப்பாளர்கள் வேறொரு பிரிவின் விருந்தினராக மேயர் டேவிட் டிங்கின்ஸுடன் நடந்து வந்தபோது, வழியோரத்தில் நின்ற சொந்த இனத்தாரே அவர்கள் மீது பீரை வீசினார்கள். அதன்பின் தங்கள் பதாகையோடு நடக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. பாஸ்டன் நகரத்து ஊர்வலத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், யாரைச் சேர்ப்பது என்பது அமைப்பாளரின் உரிமை என்று 1995-இல் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. ஒதுக்கப்பட்டவர்கள் 2000-இல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில் எல்லோருக்குமான வேறோர் ஊர்வலத்தைத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட முழக்கம், நாட்டின் குழந்தைகள் அனைவரையும் சமமாகப் பேணுவோம் என்று அயர்லாந்தின் 1916-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனம் சொன்ன வாக்கு. தங்களை விலக்கியவர்கள் போற்றிய அதே ஏட்டிலிருந்துதான் அவர்கள் தங்கள் சொல்லை எடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. பாஸ்டன் ஊர்வலம் 2015-இல் வழிவிட்டது. நியூயார்க்கிலோ, ஐரிஷ் தன்பாலீர்ப்பாளர்கள் தங்கள் பதாகையோடு நடக்க 2016 ஆயிற்று. அதற்குள் தாய்நாடான அயர்லாந்து, 2015 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் 62 விழுக்காட்டினரின் ஆதரவோடு தன்பால் திருமணத்தையே ஏற்றுவிட்டது.

அயலில் வாழ்கிறவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய ஆண்டிலேயே ஊரை நிறுத்தி வைத்துக்கொள்கிறோம். நாம் இங்கே காத்துவரும் தமிழகம் பலவேளை நாம் விமானம் ஏறிய நாளின் தமிழகம். அங்கே என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். 2008-இலேயே இந்தியாவில் முதன்முதலாகத் திருநங்கையருக்கென்று நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு. மதுரையிலிருந்து பாதுகாப்புத் தேடிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்தப் பொருளைத் தாம் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே 2021 ஜூன் மாதம் விரிவான உத்தரவுகளைப் பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சை முயற்சிகளுக்கு அதில் தடை விதித்தார். 2023-இல் தன்பால் திருமண உரிமையை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது உண்மை. ஆனாலும், திருமணம் ஒன்றுதான் குடும்பத்தை உண்டாக்கும் வழி என்றில்லை என்று 2025-இல் அதே சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் சொன்னது. நீதிமன்றம் சொல்லிவிட்டது என்பதால் நீங்கள் பணிய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாஸ்டனைப் போல, எங்களை மறுக்க உங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கவும் கூடும். எங்கள் சங்க விதிப்புத்தகத்தை எந்த அரசும் எழுதித் தரவில்லை. நம்மவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியது. மறுபடியும் உட்கார்ந்து எழுதிவிட முடியும்.

"சின்னப் பிள்ளைங்க இருக்காங்க" என்றார் அந்தத் தம்பி. பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த மடலில் எனக்கு மிகுந்த கவலை. ஆண்டு விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் தவறாமல் இடம்பெறும். அதில் ஓர் ஆண் சேலை கட்டி, இடுப்பை ஒடித்து, கைதட்டிக் குரலை உடைத்துப் பேச, மண்டபமே சிரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காட்சி நடந்துகொண்டிருந்தபோது என் மாணவன் ஒருவன் மேடையைப் பார்க்காமல், சிரித்துக்கொண்டிருந்த தன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "டீச்சர், அப்படி இருக்கறவங்கள தமிழ்ல எப்படிச் சொல்வாங்க?" என்று கேட்டான். ஆங்கிலச் சொற்கள் அவனுக்குத் தெரியும். தமிழில் அவன் அறிந்தவை வசைகள் மட்டும். கரும்பலகையின் ஓரத்தில் திருநர், தன்பாலீர்ப்பாளர், பால்புதுமையர் என்று எழுதிக் காட்டினேன். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களின் வழக்கைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் கையில் இருந்ததால், இவை அரசே எழுதும் சொற்கள் என்று என்னால் அவனிடம் துணிந்து சொல்ல முடிந்தது. அவன் தன் ஏட்டின் கடைசிப் பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதிக்கொண்டு, "இதுல வர்றது சின்ன ர-தானே?" என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டான். எதற்காகக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை. நம் மண்டபத்தில் அமர்ந்து, அவரவர் தாய்தந்தையர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன். அந்த நாடகத்தை நிறுத்துங்கள். இதற்கு விதித்திருத்தமோ பொதுக்குழுவோ தேவையில்லை.

பெரியவர்களைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொங்கல் நாளில், விழா முடிந்து கரும்புத் துண்டுகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்த எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி, என் இணையரிடம் இரண்டு துண்டுகளை நீட்டி, "உனக்கொன்னு, உன் வீட்டுக்காரிக்கு ஒன்னு" என்றார். யாரும் அவருக்கு எதையும் விளக்கியிருக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. படிவத்தில் 'மனைவி பெயர்' என்ற வரியை 'இணையர் பெயர்' என்று மாற்றுங்கள். துக்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் பட்டியலும் மேடைக்கு அழைக்கும் பட்டியலும் அந்தப் படிவத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன என்பதால், ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, செயற்குழு முழுவதும் ஒரு பிற்பகல் எங்களோடு உட்கார வேண்டும். எங்கள் மாதக் கூட்டத்துக்கு வந்தாலும் சரி, நாங்கள் சங்க அலுவலகத்துக்கு வந்தாலும் சரி. தெரியாததைத் தெரியாது என்று ஒரு நீதிபதி சொல்ல முடிந்ததென்றால், நம்மாலும் முடியும். நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் நாங்கள் முகம் சுளிக்க மாட்டோம்.

இந்த ஆண்டுக்கான படிவத்தை இந்த மடலோடு சேர்த்து எங்கள் சங்கத்துக்கு அனுப்புகிறேன். இரண்டாவது வரியில் அச்சடித்திருந்த சொல்லைக் கோடிட்டு அடித்து, மேலே 'இணையர்' என்று நீல மையில் எழுதி, அவர் பெயரை நிரப்பியிருக்கிறேன். குடும்பக் கட்டணத்துக்கான காசோலையும் உடன் உள்ளது. இரண்டு பெயர்களும் போட்ட ரசீதைத் தை பிறப்பதற்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர்